ஓச்சோவா நோய்க்குறி: சிறுநீர்ப்பையைக் காலி செய்ய எந்த வழி?

என் தம்பி சிரித்தால் அழுவது மாதிரி இருக்கும். வாயின் ஓரங்கள் கீழே இழுபடும், புருவம் சுருங்கும், கண்கள் இறுகும். புதிதாகப் பார்ப்பவர்கள் "ஏம்பா அழுவுற?" என்று பதறிப்போய்க் கேட்பார்கள். அவன் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்பான். இந்த முகமும், பகலிலும் இரவிலும் நனைந்துபோகும் அவன் கால்சட்டையும் ஓச்சோவா நோய்க்குறி என்ற ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் என்று எங்களுக்குத் தெரியவந்தபோது அவனுக்கு 7 வயது. அதற்கு முன்பு ஒரு மருத்துவர், "சோம்பேறித்தனத்தில் அடக்கி வைக்கிறான், கொஞ்சம் அதட்டுங்கள்" என்றார். நாங்களும் அதட்டினோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்த நோயோடு பிள்ளை வளர்க்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். மாத்திரையை வைத்துச் சமாளிக்கலாமா, தினமும் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) போட வேண்டுமா, வயிற்றில் துளை வைக்கும் அறுவை சிகிச்சைக்குப் போய்விடலாமா? நான் மருத்துவர் இல்லை; 11 ஆண்டுகளாகக் கதீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த அக்கா. முடிவை உங்கள் சிறுநீர் அறுவை மருத்துவரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். அந்த அறைக்குள் போவதற்கு முன் எதை எதோடு வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## நோயின் குணம்

யூரோஃபேஷியல் நோய்க்குறி என்றும் இதைச் சொல்வார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த மருத்துவர் பெர்னார்டோ ஓச்சோவா 1960களில் இதைக் கவனித்தார். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் மருத்துவ ஏடுகளில் பதிவானவர்கள் மிகச் சிலரே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் நோய் வரும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எச்பிஎஸ்இ2 என்ற மரபணுவை 2010இலும் எல்ஆர்ஐஜி2 என்ற மரபணுவை 2013இலும் கண்டுபிடித்தார்கள். இரண்டிலும் பழுது தெரியாத குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், நோயே இல்லை என்று ஆகிவிடாது.

சிறுநீர்ப்பை சுருங்கும்போது அதன் வாசல் திறக்க வேண்டும். இவர்களுக்கு அந்த ஒத்திசைவு இல்லை. பை தள்ளும், வாசல் இறுகும், இரண்டும் மல்லுக்கட்டும். கொஞ்சம் வெளியே வரும், மீதி உள்ளே தங்கும். நாளாக ஆகப் பையின் சுவர் தடித்து, அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகும். காய்ச்சலோடு தொற்று வரும், சிறுநீரகம் வீங்கும், தழும்பு விழும். கவனிக்காமல் விட்டால் பிள்ளைப் பருவத்திலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம். பலருக்கு மலச்சிக்கலும் கூடவே இருக்கும். சிலருக்குத் தூங்கும்போது கண் முழுதாக மூடாது. கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதுகுத்தண்டை எம்ஆர்ஐ எடுத்தால் பழுது ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் சரியாகவே இருக்கும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதீட்டர் பேச்சு வரும்போது இது பெரிய விஷயமாகும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் பையின் அழுத்தம். நனைகிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரு கட்டத்தில் தம்பிக்கு நனைவது குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் கூடியிருந்தது. வாசல் இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொண்டதால்தான் ஒழுகாமல் இருந்திருக்கிறது. யூரோடைனமிக்ஸ் சோதனையில் இந்த அழுத்தத்தை அளப்பார்கள். பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டி நின்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பது பல காலமாகப் பின்பற்றும் கோடு. எந்த வழியைச் சொன்னாலும், "இதனால் அழுத்தம் இறங்கும் என்று எந்தச் சோதனையில் பார்ப்போம், எப்போது பார்ப்போம்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, பையில் தங்கும் மீதி. போய்விட்டு வந்த பிறகு எவ்வளவு நிற்கிறது என்பதை ஸ்கேனில் பார்க்கலாம். பிள்ளையின் வயதோடு 1 கூட்டி 30ஆல் பெருக்கினால் பை எத்தனை மில்லி கொள்ள வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். 7 வயதுக்கு 240 மில்லி. ஒரே தடவையில் 400 மில்லி வடிகிறது என்றால் பை நீண்டு தளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, சிறுநீரகம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) சரியாக இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதி போகும் வரைகூட அது நார்மலாகக் காட்டலாம். தழும்பைப் பார்க்க டிஎம்எஸ்ஏ ஸ்கேன், அப்புறம் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் எல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

நான்காவது, செய்யப்போவது யார்? ஒரு நாளைக்கு ஐந்து முறை, வருடத்துக்கு 365 நாள், பள்ளிக் கழிப்பறையிலும் ரயிலிலும் திருமண வீட்டிலும். காகிதத்தில் சிறந்த வழியாக இருந்தும் வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போனால் அது சிறந்த வழி இல்லை.

கடைசியாக, திரும்பி வர முடியுமா என்பது. மாத்திரையை நிறுத்தலாம், கதீட்டரை நிறுத்தலாம். குடலை வெட்டிப் பையில் தைத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை.

## வழி 1: மாத்திரையும் நேரம் பார்த்துப் போவதும்

இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அனுப்புவது, அவசரப்படாமல் இரண்டு தடவை முயல வைப்பது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, இவற்றோடு மாத்திரை. பையின் துடிப்பை அடக்க ஆக்ஸிபியூட்டினின் போன்றவை. வாசலைத் தளர்த்த டாம்சுலோசின் மாதிரி ஆல்பா தடுப்பான்கள்.

கத்தி இல்லை, குழாய் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் இதுதான் பிடிக்கும், எங்களுக்கும் பிடித்தது. ஆனால் ஆக்ஸிபியூட்டினின் பையைத் தளர்த்துவதால் மீதி இன்னும் கூடலாம். நன்றாகக் காலியாகாத பைக்குக் கதீட்டர் இல்லாமல் அந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் தேங்கும் தண்ணீருக்கு அணை கட்டியது போல ஆகிவிடும். வாய் வறளும், வியர்வை குறைவதால் வெயில் தாங்காது, ஏற்கெனவே இருக்கும் மலச்சிக்கல் இறுகும். குடல் நிறைந்திருந்தால் அது பையை அழுத்தும். ஆல்பா தடுப்பானுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம்.

சிறுநீரகம் முழு நலம், மீதி மிகக் குறைவு, அழுத்தம் கோட்டுக்குக் கீழே, ஸ்கேன் தேதி தவறாத குடும்பம் என்று எல்லாம் கூடிவந்தால் இது போதும். ஆனால் ஓச்சோவா பிள்ளைகளில் பலருக்கு இந்த நான்கும் ஒன்றுசேர்வதில்லை. "இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே போவதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. ஒரு காய்ச்சல்-தொற்று வந்தாலே அடுத்த வழிக்கு நகர வேண்டும் என்பது என் கருத்து.

வயிற்றை அமுக்கி, முக்கிச் சிறுநீரை வெளியேற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாசல் இறுகியிருக்கும்போது வெளியிலிருந்து அமுக்கினால் அது மேலேதான் போகும்.

## வழி 2: சிறுநீர்த் துவாரம் வழியாக இடைவெளிக் கதீட்டர்

மெல்லிய குழாயைத் துவாரத்தில் விட்டுப் பையைக் காலி செய்து உடனே எடுத்துவிடுவது. ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு முறை. அமெரிக்காவின் ஜாக் லாபிடெஸ் 1972இல் இதை முன்வைத்தபோது, கிருமி நீக்கிய கையுறை வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்றது பலருக்கு அதிர்ச்சி. தொற்றுக்கு முதல் காரணம் குழாய் இல்லை, நிரம்பி விரிந்த பைதான் என்பது அவர் வாதம். பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு ரத்தம் குறையும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். நேரம் தவறாமல் காலி செய்வதுதான் இதில் மருந்து.

அம்மா முதல் தடவை போட்டபோது கை நடுங்கியது. நான்காவது நாள் நடுக்கம் நின்றது. ஒரு மாதத்தில் ஐந்து நிமிட வேலை ஆனது. தம்பி 9 வயதில் தானே போடக் கற்றுக்கொண்டான். அவன் சிறுநீரகத்தில் வீக்கம் இறங்கியது இந்த முறையில்தான். அதனால் இதன்மேல் எனக்குச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

இப்போது கணக்கில் வராத செலவு. முதுகுத்தண்டு பழுதான பிள்ளைகளுக்குத் துவாரத்தில் உணர்ச்சி குறைவு, குழாய் போனால் அவ்வளவாகத் தெரியாது. ஓச்சோவா பிள்ளைக்கு முழுதாகத் தெரியும். வாசல் இறுகி நிற்கும்போது குழாய் முட்டும், வலிக்கும், பிள்ளை பயந்து இன்னும் இறுக்கும். ஆண் பிள்ளைக்குத் துவாரம் நீளம், காயமும் தழும்புச் சுருக்கமும் வரலாம். வழவழப்புப் பூச்சுள்ள கதீட்டர், மரப்பு ஜெல், மூச்சை விட்டுத் தளரும் நேரத்தில் மெதுவாகத் தள்ளுவது, இந்த மூன்றும் எங்களுக்கு உதவின. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) இல்லாத குழாயாகக் கேளுங்கள். சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பப் பட்டால் அதற்கு ஒவ்வாமை வரலாம்.

கதீட்டர் போடுபவர்களின் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சகஜம். சோதனையில் கிருமி வந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே போனால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து கேட்காமல் போகும். காய்ச்சல், விலா வலி, வாந்தி, திடீரென்று ஒழுக்கு கூடுவது என்று உடம்பு சொன்னால் மட்டுமே சிகிச்சை. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவையும் கேளுங்கள். சிறுநீரகம் அடிபட்டிருந்தால் சிறுநீரைச் சுண்ட வைக்கும் திறன் குறைந்து இரவெல்லாம் நிறைய ஊறும். பகலில் ஐந்து முறை ஒழுங்காகக் காலி செய்தும் விடியற்காலையில் பை நிரம்பி வழியும். தூங்கும் நேரம் மட்டும் ஒரு குழாயை விட்டு, வெளியே மாட்டிய சேகரிப்புப் பையில் வடியவிடும் வழி இருக்கிறது. எங்களுக்கு அதை யாரும் முதலில் சொல்லவில்லை.

கதீட்டர் போட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் ஆக்ஸிபியூட்டினின் இப்போது சரியான துணை. அது போதவில்லை என்றால் பையின் சுவரில், தசையைத் தளர்த்தும் பொட்டாக்ஸ் ஊசி. சில மாதங்கள் வேலை செய்யும், பிறகு மறுபடி போட வேண்டும்; பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து.

## வழி 3: மிட்ரோஃபனாஃப் வழி

குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) எடுத்து ஒரு முனையைச் சிறுநீர்ப்பையிலும் மறு முனையைத் தொப்புளிலோ அடிவயிற்றின் வலப்பக்கத்திலோ இணைப்பது. பிரான்ஸைச் சேர்ந்த பால் மிட்ரோஃபனாஃப் 1980இல் வெளியிட்ட முறை. ஒழுகாத சின்னத் துளை. கதீட்டர் போடுவது நிற்காது, போடும் இடம்தான் மாறும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ஆபரேஷன் முடிந்தால் குழாய்த் தொல்லை தீரும்" என்று நம்பி வருபவர்கள் அதிகம்.

உணர்ச்சியுள்ள துவாரத்தின் வலி இதில் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே, உடையை முழுதாக அவிழ்க்காமல் போடலாம். பதின்வயதில் தன் அந்தரங்கத்தில் அம்மாவின் கை படுவதைப் பிள்ளை வெறுக்கத் தொடங்கும்போது, இந்தத் துளை அவனுக்குச் சுதந்திரம். தம்பி 13 வயதில் இதற்குச் சம்மதித்த காரணம் அதுதான்.

குடல்வால் ஒன்றுதான் இருக்கிறது. மலச்சிக்கல் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு, பெருங்குடலை மேலிருந்து கழுவ இதே மாதிரி துளை வைக்கும் மலோன் முறையிலும் குடல்வாலைத்தான் பயன்படுத்துவார்கள். சிறுநீருக்குக் கொடுத்துவிட்டால் குடலுக்கு வேறு வழி தேட வேண்டும். குடல்வால் நீளமாக இருந்தால் இரண்டாகப் பிரிக்கலாம், இல்லாவிட்டால் சிறுகுடல் துண்டில் குழாய் செய்யும் மான்ட்டி முறை இருக்கிறது. ஆனால் இதை மேசையில் படுத்த பிறகு யோசிக்கக் கூடாது. குடல் மருத்துவரையும் முன்பே உட்கார வையுங்கள். வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது "சும்மா அதையும் எடுத்துவிடலாம்" என்று யாரும் குடல்வாலை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

முதல் சில வாரங்கள் துளையில் குழாய் எடுக்காமல் தொடர்ந்து நிற்கும். அதன் பிறகும் தோல் மட்டத்தில் துளை சுருங்குவதுதான் அதிகம் வரும் தொல்லை. சிலருக்கு ஒழுகும், சிலருக்கு எடை கூடும்போது பாதை மடங்கும். மீண்டும் சின்ன அறுவை தேவைப்படுவது அரிதல்ல. ஒருநாள் குழாய் உள்ளே போகவே மறுத்தால் அது அவசரநிலை. கீழ்த் துவாரம் திறந்திருந்தால் அந்த நேரத்துக்கு அது கைகொடுக்கும். அதனால் பையின் கழுத்தை, அதாவது கீழ்த் துவாரத்துக்குப் போகும் வாயை, மூடிவிடும் யோசனை வந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

பை சுருங்கிக் கெட்டியாகி, மாத்திரைக்கும் பொட்டாக்ஸுக்கும் அடங்கவில்லை என்றால் குடல் துண்டு வைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவையையும் சேர்த்துச் சொல்வார்கள். அழுத்தம் நிஜமாகவே இறங்கும். அதன் விலை ஆயுள் முழுக்க: சளி அடைப்பதால் தினமும் கழுவ வேண்டும், கல் வரலாம், ரத்தத்தில் அமிலம் கூடலாம், வருடங்கள் போனால் வைட்டமின் பி12 குறையலாம், அரிதாகப் பை கிழியலாம். கடைசிப் படியாக மட்டுமே இதைப் பாருங்கள். சிறுநீரக மாற்று வரை போகும் பிள்ளைக்கு, புதுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே முதலில் இது தேவைப்படலாம்.

## வழி 4: எப்போதும் வடிய விடுவது

கைக்குழந்தைக்கு வெசிகோஸ்டமி: அடிவயிற்றில் பையைத் திறந்து டயப்பரில் வடியவிடுவது. அழுத்தம் உடனே இறங்கும், பிறகு மூடிவிடலாம். தோல் புண்ணாகும், துளை சுருங்கலாம், பையின் உட்புறம் வெளியே பிதுங்கலாம். கதீட்டர் போட முடியாத சின்னக் குழந்தைக்கு இது நல்ல இடைக்கால வழி.

பெரிய பிள்ளைக்குத் துவாரத்திலோ அடிவயிற்றிலோ நிரந்தரக் குழாய். கடுமையான தொற்று, திடீரென்று ஏறும் கிரியாட்டினின், அறுவைக்குக் காத்திருக்கும் வாரங்கள், இந்தச் சமயங்களில் உயிர் காக்கும். மாதக்கணக்கில் நீட்டினால் கல்லும் தொற்றும் சேரும், பை சுருங்கிப்போகும்.

## ஒரே பார்வையில்

| | மாத்திரை மட்டும் | துவாரம் வழிக் கதீட்டர் | மிட்ரோஃபனாஃப் | நிரந்தர வடிகால் |
|---|---|---|---|---|
| அழுத்தம் இறங்குமா | நம்ப முடியாது | நேரம் தவறாவிட்டால் இறங்கும் | அதே அளவு, அதே நிபந்தனை | உடனே இறங்கும் |
| அன்றாட வேலை | குறைவு | 4 முதல் 6 முறை | 4 முதல் 6 முறை | குழாய் அல்லது டயப்பர் பராமரிப்பு |
| வலி | இல்லை | உண்டு, பழகினால் குறையும் | அறுவைக்குப் பின் மிகக் குறைவு | தோல் எரிச்சல் |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | கடினம் | பெரும்பாலும் முடியும் |
| மறைந்திருக்கும் செலவு | கைநழுவும் காலம் | பயம், துவாரக் காயம் | குடல்வால், மறு அறுவை | கல், தொற்று |
| யாருக்கு | லேசான நிலை | பெரும்பாலோருக்கு முதல் படி | வலி தாங்காதவர், பதின்வயதினர் | கைக்குழந்தை, அவசரநிலை |

## என் கணிப்பு

நோய் உறுதியான, மீதி தேங்கும் பிள்ளைக்கு வழி 2இல் தொடங்குங்கள், கூடவே மலச்சிக்கலுக்குச் சிகிச்சை. மூன்று நான்கு மாதம் நேர்மையாகச் செய்துவிட்டு ஸ்கேனும் யூரோடைனமிக்ஸும் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்; மருத்துவருக்கு உங்கள் ஞாபகத்தைவிட அந்த நோட்டுதான் பேசும். அழுத்தம் இறங்கி, வலி மட்டும் தீரவில்லை என்றால் மிட்ரோஃபனாஃப் பேசலாம். வலியால் தடவைகள் விட்டுப்போகின்றன என்றால் இன்னும் சீக்கிரம் பேசலாம். வேளை தவறுவது சோம்பல் காரணமாக என்றால் அறுவை உதவாது, துளையிலும் வேளை தவறத்தான் செய்யும்.

அண்ணன் தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முகத்தில் அடையாளம் லேசாக இருந்து கவனிக்காமல் போன பிள்ளைகள் உண்டு.

பிள்ளையிடம் கேட்பதைப் பற்றி ஒன்று. யூரோடைனமிக்ஸ் அறையில் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். செவிலியர் அவன் வலியில் அழுகிறான் என்று நினைத்துச் சோதனையை நிறுத்தினார். இன்னொரு நாள் நிஜமாகவே வலித்து அழுதான்; "இவன் முகமே அப்படித்தான்" என்று தொடர்ந்து செய்தார்கள். இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வலியை அளக்க முடியாது. 0 முதல் 10 வரை எண் சொல்லப் பழக்குங்கள், 5 தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எந்த வழி வேண்டும் என்று கேட்கும்போதும் வாயால் பதில் வரும்வரை காத்திருங்கள்.

தம்பி இப்போது தன் பணப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறான். துளை எங்கே இருக்கிறது, எந்த அளவுக் கதீட்டர், அது போகாவிட்டால் எந்த வழியாக முயல வேண்டும், எந்த மருந்து ஒவ்வாது என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியை அவனே சேர்த்தான்: "நான் அழுவது போலத் தெரிந்தால், வலிக்கிறதா என்று என்னிடம் கேளுங்கள்."